யோகக்காவின் கரண்டி வண்டி

யோகக்கா முதன்முதலாகத் தன் சொந்த வண்டியைப் பினாங்கின் ஜெலுத்தோங் சந்தைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனபோது தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் ஓடினார்கள்.

நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஓட்டும் லட்சணத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறார்கள் என்று நினைத்தேன். லைசென்ஸ் எடுத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வளைவுகளில் எல்லாம் அவர் ஸ்டீரிங்கோடு சேர்ந்து தானும் சாய்வார். நானும் பயத்தில் கூடவே சாய்வேன்.

கெலுகோரில் பல்கலைக்கழக அலுவலகத்தில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. அவர் முழுப் பெயர் யோகலட்சுமி. யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து காலமானவர். தம்பிமார் இருவரும் யோகக்காவின் சம்பளத்தில் படித்து, ஒருவர் லண்டனிலும் ஒருவர் கோலாலம்பூரிலும் குடியேறிவிட்டார்கள். அண்ணன் குலசேகரம் வங்கியில் அதிகாரி. மனைவியோடு இரண்டு தெரு தள்ளி இருந்தார். யோகக்கா மட்டும் நாற்பதைத் தாண்டி, கல்யாணம் இல்லாமல், பழைய வீட்டில் தனியாக இருந்தார். அதற்காக யாரும் பரிதாபப்பட இடம் கொடுக்க மாட்டார். நல்ல உயரம், நல்ல உடம்பு. அவர் சிரித்தால் எதிர்க் கட்டடத்தில் டைப் அடிப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

இத்தனை வருடமும் பஸ்ஸில்தான் வேலைக்கு வந்தார். பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் ஏறுவார். இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். "பின்னால உட்கார்ந்தா ரோடு நம்மள இழுத்துக்கிட்டுப் போவுது வள்ளி. ஓட்டினா நாம ரோட்ட இழுக்கலாம்" என்பார். அப்படிப்பட்டவர் 1981-இல் கார் வாங்கப்போவதாகச் சொன்னபோது, சின்னதாக ஒரு டட்சன் வாங்குவார் என்றுதான் ஆபிஸில் எல்லாரும் எதிர்பார்த்தோம். அவரோ சுங்கை பினாங்கில் பழைய இரும்புக் கடையில் நின்றுகொண்டிருந்த ஒரு லேண்ட் ரோவரைப் பார்த்துவிட்டார். சாம்பல் நிறம். முன்மூடியின் மேல் ஸ்பேர் டயர். பின்பக்கம் ஆள்கள் எதிரெதிராக உட்காரும் நீளப் பலகைகள். கடை முதலாளியான சீனத் தவுக்கே, இது பெண்கள் ஓட்டுகிற வண்டி இல்லை என்று மலாயில் சொல்லிப் பார்த்தார். யோகக்கா ஏறி உட்கார்ந்தார். அந்த உயரத்திலிருந்து சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். இறங்கி வந்து, "இதுதான்" என்றார்.

அண்ணன் குலசேகரம் வீட்டு வாசலில் நின்ற வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "உனக்கென்ன விசரா? இதென்ன காரா, லோரியா?" என்று கேட்டார்.

"ரெண்டும்தான் அண்ணா."

இனி, தெருவே ஓடிய அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். சந்தைக்குப் பின்னால் இருக்கும் குறுக்குத் தெருவில், சாயங்கால நேரத்தில், இரண்டு பக்கமும் தள்ளுவண்டிக் கடைகள் நிற்கும். நாங்கள் உள்ளே திரும்பியதும் பழம் விற்கும் சீனர் ஒருவர் எங்களைப் பார்த்து விசில் அடித்தார். அவ்வளவுதான். குடைகள் மடங்கின. அடுப்புகள் அணைந்தன. தள்ளுவண்டிகள் கடகடவென்று சந்துகளுக்குள் ஓடின. குவே விற்கும் மலாய்ப் பெண் ஒருத்தி, பலகாரத் தட்டைத் தலையில் வைத்து, சாரோங்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னை ஒரு முறை முறைத்துவிட்டு ஓடினாள். அவள் பெயர் காமாரியா என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டோம்.

"என்ன வள்ளி, எங்கயாச்சும் தீயா?"

"தெரியலையே அக்கா."

ஒரே ஒரு வண்டி மட்டும் நகரவில்லை. அதன் சக்கரம் சாக்கடை மூடியில் சிக்கியிருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, சட்டியில் பருப்பு வடைகள் வெந்துகொண்டிருந்தன. ஆளைக் காணோம். யோகக்கா என்ஜினை நிறுத்திவிட்டுக் குதித்து இறங்கி, அங்கே கிடந்த கரண்டியை எடுத்து வடைகளைத் திருப்பிப் போட ஆரம்பித்தார். எண்ணெய் வடிவதற்காக ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அந்த மாதிரி வட்டமான பித்தளைக் கரண்டி.

சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"அம்மா, சம்மன் வேணும்னா எழுதிக்குங்க. வடைய மட்டும் கருக விட்டுடாதீங்க."

"நான் எதுக்குச் சம்மன் எழுதணும்? நான் ஆபிஸ் கிராணி லா!"

தலையைத் தொடர்ந்து ஆளும் வெளியே வந்தார். ஒல்லியான உடம்பு, அடர்த்தியான மீசை, தோளில் துண்டு. வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கலாம். எங்கள் வண்டியின் முகத்தையும் யோகக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முன்பக்கத்துக் கம்பி வலைக்கு நடுவில் இருந்த வட்டத் தகட்டை நகத்தால் சுரண்டினார். மேலே பூசியிருந்த சாம்பல் பெயிண்ட் உரிந்து, உள்ளேயிருந்து நகராண்மைக் கழகத்தின் சின்னம் எட்டிப் பார்த்தது.

"இதாம்மா விஷயம். லைசென் இல்லாத எங்கள மாதிரி ஆளுங்களப் பிடிக்க வர்ற வண்டி இது. பழசாயிப் போச்சுன்னு ஏலத்துல வித்திருப்பாங்க. இந்த மூஞ்சிய எங்களால மறக்க முடியுமா?"

இரும்புக் கடைக்காரர் சின்னத்தைக் கழற்றாமல் மேலே பெயிண்ட் அடித்து விற்றிருக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. யோகக்கா சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் சந்துகளுக்குள் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சம்மன் கொடுக்க வந்தவர்கள் யாரும் அப்படிச் சிரித்ததில்லையாம்.

வடைக்காரரின் பெயர் அய்யாக்கண்ணு.

அடுத்த நாளே வண்டி ஹனீபாவின் பட்டறைக்குப் போனது. ஹனீபா ஜெலுத்தோங்கில் மெக்கானிக். வாயும் கையும் சேர்ந்தே வேலை செய்கிற மனிதர். "எந்த அடையாளமும் இருக்கக் கூடாது ஹனீபா. சின்னம், எழுத்து, ஒண்ணும் வேணாம்" என்று யோகக்கா சொல்லிவிட்டார். வேலை அவ்வளவு சுலபமாக இல்லை. அந்த வண்டிக்கு உடம்பு அலுமினியம், போல்ட் இரும்பு. வருடக்கணக்கான கடல் காற்றில் இரண்டும் ஒட்டிப் போயிருந்தன.

"இரும்பும் அலுமினியமும் கட்டிப் புடிச்சிட்டா லேசுல விடாதுக்கா" என்றார் ஹனீபா. எண்ணெய் ஊற்றினார், சுத்தியலால் தட்டினார், திட்டினார். கடைசியில் போல்டின் தலையைத் துளை போட்டுத்தான் எடுத்தார். யோகக்கா சொன்ன வேகத்தில், கம்பெனியின் பெயர் போட்டிருந்த முட்டை வடிவத் தகடுகளையும் முன்னாலும் பின்னாலும் நெம்பி எடுத்துவிட்டார். பின்பக்கம் ஆணிகள் இருந்த இடத்தில் ஓட்டைகள் மிஞ்சின.

அடுத்த வெள்ளிக்கிழமை, மொட்டை முகத்தோடு வண்டி அதே தெருவில் நுழைந்தது. விசில் கேட்டது. இந்த முறை இன்னும் வேகமாக ஓடினார்கள். அய்யாக்கண்ணுவின் சக்கரம் எங்கேயும் சிக்கவில்லை. அவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு மூலையில் திரும்பி மறைந்தார்.

"இவருமா!" என்று யோகக்கா கியரைப் போட்டுப் பின்னாலேயே விரட்டினார். ஜன்னலில் தலையை நீட்டி, "அய்யாக்கண்ணு! நில்லுங்க! நான்தான்!" என்று கத்தினார். என்ஜின் சத்தத்தில் அவருக்கு அது எப்படிக் கேட்கும்? அந்த வண்டி ஆளைப் பெயர் சொல்லி விரட்டுவதைப் பார்த்தவர்கள், அடுத்த தெருவில் கடை போட்டிருந்தவர்களையும் கிளப்பிவிட்டார்கள். சந்தையை ஒரு சுற்றுச் சுற்றிய பிறகுதான், மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு மரத்தடியில் நின்றவரைப் பிடித்தோம்.

"நீங்களா!" என்று தலையில் கை வைத்தார். "சின்னத்தக் கழட்டிட்டு ரகசியமா வர ஆரம்பிச்சிட்டாங்கன்னு நெனச்சோம்மா. போட்டிருந்தாலாவது யாருன்னு தெரியும்."

ஆக, கழற்றினால் மட்டும் போதாது, வேறு ஏதாவது மாட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. ஹனீபாவிடம் ஒரு பால்பொடி டின் நிறையப் பழைய கார்ச் சின்னங்கள் இருந்தன. அதைக் கிளறி ஒரு மெர்சிடிஸ் நட்சத்திரத்தை எடுத்தார். "இத மாட்டினா ஒங்கள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." மாட்டிக்கொண்டு போனோம். சிக்னலில் பக்கத்தில் நின்ற உண்மையான மெர்சிடிஸ்காரர் கண்ணாடியை இறக்கி எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். ஜெலுத்தோங்கில், இந்த முறை பெரிய ஆபிசரே நேரில் வருகிறார் என்று நினைத்து ஓடினார்கள். சாயங்காலம் குலசேகரம் கண்ணில் அது பட்டுவிட்டது. "இதை உடனே கழட்டு. பாங்கில என்ர முதலாளி வச்சிருக்கிற காரின்ர சின்னம் இது. நான் அவற்ற முகத்தில முழிக்க வேணாமா?" என்று சத்தம் போட்டார். நட்சத்திரம் டின்னுக்குத் திரும்பியது.

வழியைக் கண்டுபிடித்தவர் அய்யாக்கண்ணு. அதற்குள் வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் வண்டியைப் பெரிய ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து போய் வடை சாப்பிடுவது பழக்கமாகியிருந்தது. ஒரு நாள் அவர் வடைகளை அரித்துப் போட்டுக்கொண்டே திடீரென்று நிறுத்தி, கையில் இருந்த கரண்டியைப் பார்த்தார்.

"எந்த ஆபிசராவது கரண்டிய மாட்டிக்கிட்டு வருவானா?"

யோகக்காவுக்கு உடனே பிடித்துவிட்டது. அய்யாக்கண்ணுவின் பழைய பித்தளைக் கரண்டி ஒன்றின் காம்பை ஹனீபா அறுத்து எடுத்தார். வட்டத்தை மட்டும் கம்பி வலையின் நடுவில், சின்னம் இருந்த அதே இடத்தில் வைத்து முடுக்கினார். மறுபடி ஒட்டிப் போகக் கூடாது என்று பித்தளைப் போல்டே போட்டார். புளி போட்டுத் தேய்த்தபின் அது மினுமினுத்ததைப் பார்க்க வேண்டுமே! தெருவில் எல்லாரிடமும் சொல்லி வைத்தாயிற்று. அன்று முதல் எங்களைப் பார்த்து யாரும் ஓடவில்லை. தமிழர்கள் கரண்டி வண்டி என்றார்கள். காமாரியா 'கெரேத்தா செந்தோக்' என்று அதையே மலாயில் சொல்லிச் சிரித்து, முதல் நாள் என்னை முறைத்ததற்கு ஈடாக ஒரு இலைப் பொட்டலத்தில் குவே கட்டிக் கொடுத்தார்.

அய்யாக்கண்ணு சந்தைக்குப் பக்கத்துப் பிளாட்டில் தன் கடைசித் தங்கை குடும்பத்தோடு இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நன்றாகப் பேசுவார். தெருவில் நடந்ததைச் சொன்னால், சொல்லும்போதே அந்தந்த ஆளாக மாறிவிடுவார். சீனப் பழக்காரரின் விசிலைக்கூட அப்படியே அடிப்பார். யோகக்கா வடையைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிட மறந்து, அவர் பேசுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் கவனித்தேன். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பெரிய மழை பிடித்தது. ஆபிஸிலிருந்து கிளம்பவே நேரமாகிவிட்டது. அது போதாதென்று பின்பக்கத்து ஓட்டைகள் வழியாக வண்டிக்குள் தண்ணீர் வேறு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. தெரு காலியாக இருந்தது. ஒரு மரப்பெட்டியின் மேல், குடையை மடியில் வைத்துக்கொண்டு அய்யாக்கண்ணு மட்டும் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு வடைப் பொட்டலம். தள்ளுவண்டியைக் காணோம்.

"வண்டி எங்க?" என்று யோகக்கா பதறினார்.

"கொண்டு போயிட்டாங்க."

நடந்தது இதுதான். மழையில் தூரத்தில் இரண்டு விளக்குகள் தெரிந்திருக்கின்றன. கூடவே பழகிய என்ஜின் சத்தம். வெள்ளிக்கிழமை அந்த நேரத்துக்கு வேறு யார் வரப்போகிறார்கள்? ஓட நினைத்தவர்களைக்கூட, "நம்ம யோகாம்மாதான்" என்று அய்யாக்கண்ணுவே நிறுத்தி வைத்திருக்கிறார். அதோடு விட்டாரா? சூடான வடையைப் பொட்டலம் கட்டி, குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி, டிரைவர் பக்கத்து ஜன்னல் வழியாக நீட்டியிருக்கிறார்.

"'நேரமாயிப் போச்சேன்னு கவலையா இருந்துச்சு, இந்தாங்க, ஆறிடறதுக்குள்ள சாப்பிடுங்க'ன்னு சொல்லிட்டுத்தான் மூஞ்சியப் பாக்குறேன். அதே மாதிரி இன்னொரு வண்டி, உள்ள ஆபிசரு! அவரு என்னைப் பாக்குறாரு, பொட்டலத்தப் பாக்குறாரு. அப்புறம் பொட்டலத்த என் கையிலயே குடுத்து, அது மேல சம்மனையும் வச்சாரு. 'நன்றி'ன்னு வேற சொன்னாரு."

யோகக்காவின் கண்கள் கலங்கிவிட்டன. "என் வண்டியாலதானே..." என்று ஆரம்பித்தார். அவ்வளவு பெரிய உடம்பு அன்றைக்குச் சின்னதாகத் தெரிந்தது. அய்யாக்கண்ணுவோ ஆபிசரின் முகம் போன போக்கை நடித்துக் காட்டினார். ஒரு முறை, மறுபடி ஒரு முறை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து யோகக்காவுக்குப் புரையேறிவிட்டது. அவர் முதுகில் தட்டப் போன அய்யாக்கண்ணு, கையைப் பாதியில் நிறுத்தி, என்னைப் பார்த்து, "நீங்க தட்டுங்கம்மா" என்றார்.

திங்கட்கிழமை முழுவதும் யோகக்கா தன் மேசையில் உட்காரவேயில்லை. எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஊழியர் மன்றம் ஒன்று இருந்தது. அங்கே பலகாரக் கடை வைத்திருந்தவர் ஊருக்குப் போய்த் திரும்பாமல், இடம் காலியாகக் கிடந்தது. யோகக்கா செயலாளரைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், போகிற வழியில் அகப்பட்ட பேராசிரியர் ஒருவரிடமும் பேசினார். அடுத்த கூட்டத்துக்கு அய்யாக்கண்ணுவின் வடை ஒரு கூடை நிறையப் போனது. கூடை காலியாகத் திரும்பியது. முறையான லைசென்ஸோடு கடை போட இடம் கிடைத்தது.

அபராதத்தைக் கட்டிவிட்டுத் தள்ளுவண்டியை மீட்க, ஒரு சனிக்கிழமை காலை மூவரும் கரண்டி வண்டியில் நகராண்மைக் கிடங்குக்குப் போனோம். வாசலில் இருந்த காவலாளி எங்கள் வண்டியைக் கண்டதும் வழக்கமாகச் செய்வதுபோல் கம்பியைத் தூக்கி, சல்யூட் அடித்து உள்ளே விட்டார். உள்ளே போனபிறகுதான் ஓட்டுகிறவர் சேலை கட்டியிருப்பதைக் கவனித்துப் பின்னால் ஓடி வந்தார். சத்தம் கேட்டு, அங்கே டிரைவராக இருந்த பக்கிரிசாமி என்கிற வயதானவர் வெளியே வந்தார். எங்கள் வண்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. முன்மூடியை மாட்டைத் தட்டுவதுபோல் தட்டினார்.

"இது நான் ஓட்டுன வண்டிம்மா! ரெண்டாவது கியருக்குக் கொஞ்சம் கெஞ்சணுமே, இன்னும் அப்படித்தானா?"

"இன்னும் அப்படித்தான்" என்றார் யோகக்கா.

பக்கிரிசாமி முன்பக்கம் வந்து குனிந்தார். சின்னம் இருந்த இடத்தில் கரண்டியைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அய்யாக்கண்ணுவைப் பார்த்தார். அந்த ஆளை எத்தனை தடவை துரத்தியிருப்பார்! இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தார்கள். தள்ளுவண்டியை எங்கள் வண்டிக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டித் தந்தவரும் பக்கிரிசாமிதான்.

கெலுகோர் வரைக்கும் ஊர்வலம்தான். முன்னால் யோகக்கா நடை வேகத்தில் ஓட்ட, பின்னால் தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அய்யாக்கண்ணு ஓட்டமும் நடையுமாக வந்தார். பஸ்கள் ஹாரன் அடித்தன. ஜெலுத்தோங் ரோட்டில் எங்களைக் கண்ட காமாரியா கையை ஆட்டி நிறுத்தி, தட்டோடு ஏறிக்கொண்டார். அவருடைய குவேயும் அன்று முதல் ஊழியர் மன்றத்துக் கடையில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டது.

வியாபாரம் நன்றாக நடந்தது. வடை சாப்பிட யோகக்கா வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தினம் இரண்டு வேளையும் போனார். ஆபிஸில் சிலர் ஜாடையாகப் பேசினார்கள். அவர் காதில் அது விழாமல் இருந்திருக்காது.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியின் பின்பக்கத்து ஓட்டைகளை மூட அய்யாக்கண்ணு யோகக்காவின் வீட்டுக்கு வந்தார். முன்னால் இருப்பது போலவே, கொஞ்சம் சின்னதாக, இன்னொரு பித்தளைக் கரண்டி வட்டத்தைக் கொண்டு வந்திருந்தார். வெளியே நின்று திருகாணியைத் திருக அவர். உள்ளே உட்கார்ந்து நட்டைப் பிடித்துக்கொள்ள யோகக்கா. நடுவில் அலுமினியத் தகடு. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. நான் முன் சீட்டில் உட்கார்ந்து ரம்புத்தான் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். நான் இருப்பது இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

"நட்டப் பிடிச்சிட்டீங்களா?"

"பிடிச்சிட்டேன். சுத்துங்க."

கிரீச் கிரீச்சென்று ஆணி இறங்கியது.

"அய்யாக்கண்ணு."

"ம்."

"நீங்க ஏன் கல்யாணம் செஞ்சுக்கல?"

"வரிசையாத் தங்கச்சிங்க. எல்லாத்தயும் கரையேத்திட்டு நிமிந்தா, தலையில பாதி நரை. அப்புறம் யாரு பொண்ணு குடுப்பா? நீங்க?"

"எனக்குத் தம்பிமாரு. அதே கததான்."

ஆணி மறுபடி சுழன்றது.

"நாம ரெண்டு பேரும் கட்டிக்கிட்டா என்ன?" என்று யோகக்கா கேட்டார். நேரம் என்ன என்று கேட்பதுபோல்தான் கேட்டார். ஆனால் குரல் மட்டும் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது.

திருகும் சத்தம் நின்றது. என் வாயில் ஒரு முழு ரம்புத்தான். மெல்லவும் பயம், விழுங்கவும் பயம்.

"ஏங்க," என்று வெளியே இருந்து குரல் வந்தது, "நட்ட விட்டுட்டீங்களா?"

"இறுக்கித்தான் பிடிச்சிருக்கேன். பதில் சொல்லுங்க லா."

"சரிங்க."

"எது சரி?"

"நட்டும் சரி. அதுவும் சரி."

யோகக்கா பின்கதவு வழியாக இறங்கி வந்தபோது நெற்றியில் கிரீஸ் அப்பியிருந்தது. அய்யாக்கண்ணு ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த கரண்டியைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை.

குலசேகரம் குதித்தார். வங்கியில் என்ன சொல்வது, சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது, லண்டன் தம்பிக்கு எப்படி எழுதுவது என்று அடுக்கினார். "வடை சுடுறவருக்கு என்ர தங்கச்சியா?"

"தங்கச்சிக்கு என்ன வயசு எண்டு தெரியுமே அண்ணா?" என்று யோகக்கா கேட்டார். சண்டை போடும் குரலில் இல்லை. "இவ்வளவு நாளும் எனக்கெண்டு நான் ரெண்டே ரெண்டு விஷயம்தான் கேட்டிருக்கிறன். ஒண்டு வாசலில நிக்குது."

குலசேகரம் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். "நான் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலில், சின்ன அளவில். மாப்பிள்ளையையும் அவர் தங்கைமாரையும் காமாரியாவையும் ஹனீபாவையும் ஜெலுத்தோங்கிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தவரே மணப்பெண்தான். கூறைச் சேலையோடு ஸ்டீரிங்கைப் பிடித்த ஒரே பெண் இவராகத்தான் இருக்கும் என்று ஹனீபா சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணன் வீட்டுத் தெரு வழியாகப் போக வேண்டாம், மனசு கஷ்டப்படும் என்று நான் சொன்னேன். "போய்த்தான் பாப்போமே" என்று யோகக்கா திருப்பினார்.

குலசேகரம் தெருவில் நின்றுகொண்டிருந்தார். கோட்டு, சூட்டு, டை. அவருடைய கார் பின்னால் எடுக்கும்போது சறுக்கி, பின்சக்கரம் வீட்டு வாசல் சாக்கடைக்குள் முழுதாக இறங்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும், மழை வருமா என்று சோதிப்பவர்போல் வானத்தைப் பார்த்தார்.

யோகக்கா வண்டியை நிறுத்தி, "எங்க வெளிக்கிட்டீங்க அண்ணா?" என்று கேட்டார்.

"பாங்குக்கு."

"ஞாயிற்றுக்கிழமையிலயே?"

அவர் மறுபடி வானத்தைப் பார்த்தார். ஆனால் சாய்ந்து நின்ற அந்தக் காரின் பின்சீட்டைப் பார்த்தேன். ஒரு தாம்பாளத்தில் வைத்திருந்த பட்டுச் சேலையும் மாலையும் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தன. அவர் மனைவி உள்ளே உட்கார்ந்து, அவை விழாமல் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். ஹனீபா கயிற்றை எடுத்தார். மணப்பெண் கீழ் கியரைப் போட்டு மெதுவாக முன்னேற, கரண்டி வண்டி ஒரு முறை உறுமியது. கார் சாக்கடையிலிருந்து மேலே வந்துவிட்டது. அய்யாக்கண்ணு கையைத் துடைத்துக்கொண்டு, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், "ஏறுங்க சார். உங்க கார ஹனீபா அப்புறம் பாத்துக்குவாரு" என்றார். குலசேகரம் கொஞ்சம் தயங்கினார். பிறகு மனைவியை ஏற்றிவிட்டு, தாம்பாளத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, காமாரியாவின் குவேக் கூடைக்கும் ஹனீபாவின் முழங்காலுக்கும் நடுவில், பின்பக்கத்துப் பலகையில் ஏறி உட்கார்ந்தார். கோயிலில் தங்கையின் கையைப் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். அப்போது அவர் அழுதார். யோகக்கா அழவில்லை.

அதற்குப் பிறகு நான் சொல்வதற்கு அதிகம் இல்லை. சந்தோஷமாக இருப்பவர்களைப் பற்றி என்ன நீட்டிச் சொல்வது? பினாங்குப் பாலம் கட்டி முடித்ததும் இரண்டு பேரும் வண்டியிலேயே அதைத் தாண்டி, கேமரன் மலை வரை போய் வந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் யோகக்கா கடையில் டீ ஆற்ற ஆரம்பித்தார். ஆபிஸில் இருந்ததைவிட அங்கேதான் அவர் சிரிப்பு அதிகம் கேட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வண்டிக்கு உதிரிப் பாகங்கள் கிடைக்காமல் போக, பாலிக் புலாவில் டுரியான் தோட்டம் வைத்திருப்பவர் ஒருவர் வாங்கிக்கொண்டார்.

குலசேகரம் சனிக்கிழமைதோறும் கடைக்கு வருவார். ஓய்வு பெற்றபின் தினமும் வருகிறார். அய்யாக்கண்ணு அவரை மச்சான் என்று கூப்பிடப் பழகிவிட்டார். குலசேகரம் மட்டும் இன்றுவரைக்கும் மாறவில்லை.

போன வாரம்கூட நான் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

"மிஸ்டர் அய்யாக்கண்ணு" என்று குலசேகரம் கூப்பிட்டார்.

"சொல்லுங்க மச்சான்."

"இண்டைக்கு உப்புக் கொஞ்சம் கூடிப்போட்டுது."

"அப்ப தட்ட எடுத்துரவா?"

குலசேகரம் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.